து, கோ

வளைவு ஓலைக்குப் பகை.
எழுத்தாணி பிடித்தவன் ஓலை கிழியாதிருக்க
எழுத்தை வட்டமாக்கினான் என்பார்கள்.
இழைக்கிறவளுக்கு எல்லாமே சதுரம்,
குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று.
'து'வின் வால்
மூன்று நாள் என் நகக்கண்ணில் நின்றது.

இருநூற்றைம்பது மூடற்பெட்டி.
பெண் துளசிகா, மாப்பிள்ளை கோபிராஜ்,
மூடியில் ஆளுக்கோர் எழுத்து.
சாயம் மயில்கழுத்துப் பச்சை,
கூறையோடு பொருந்தவேண்டுமென்று
கனடாவிலிருந்து தாய்க்காரி படம் அனுப்பினா.
போனில் வெளிச்சத்தைக் கூட்டினால் ஒரு பச்சை,
குறைத்தால் இன்னொன்று.
குணபாலன் சாயப்பானைக்கு முன்னால்
போனும் கையுமாக நின்றார்,
மருந்து கலக்கும் அப்போதிக்கரி மாதிரி.

அவர் வார்வார், நான் இழைப்பேன்.
ஈர்க்குக் கழிக்க அவருக்கு றேடியோ வேண்டும்,
அது பாடினால் எனக்கு எண்ணிக்கை தவறும்.
இந்தச் சண்டைக்குப் பதினாறு வயது.

இருநூற்று முப்பத்தெட்டாவது மூடியில்
போன் அடித்தது.
கலியாணம் நின்றுவிட்டதாம்.
ஏனென்று சொல்லவில்லை, அழுதா.
"ஓமக்கா, ஓமக்கா" என்றேன்
கையில் பாதிக் 'கோ'வோடு.

"மிச்சக் காசு?"
"அழுகிற வாயிட்டை எப்பிடியப்பா கேக்கிறது?"
"அழுது முடிஞ்சாப்பிறகு கேள்."
இரண்டு நாள் கதைக்கவில்லை நாங்கள்.
ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன்.
நீவி நீவிப் பார்த்தும் மடிப்புக் கோடு போகவில்லை.
அடுப்புக்குத்தான் ஆகும்.

சனிக்கிழமை மூன்று உரப்பையில் கட்டி
குறிகட்டுவானுக்கு பஸ் ஏறினோம்.
பைகளுக்கும் டிக்கற் கிழித்தான் கொண்டக்டர்.
இறங்குதுறையில் படகுக்கு நீண்ட வரிசை.
வெள்ளை உடுத்த ஒரு சிங்கள அம்மா
மூடியைத் தடவினா, சரியாக 'து'வின் மேல்.
"லஸ்ஸனாய்" என்றா. ஆறு எடுத்தா.
பிறகு அவ வந்த பஸ் முழுக்க எடுத்தது.
வாசிக்கத் தெரியாத கண்ணுக்கு
அது கொடி, அது அலை,
ஒருவருடைய பெயருமில்லை.
எனக்கு ஒருகணம் பொறாமையாய் இருந்தது.

பின்னால் எங்கட ஆள் ஒருவர்,
அம்மனுக்கு அர்ச்சனைத் தட்டோடு.
"உதென்ன, துகோ?"
உள்ளதைச் சொல்ல நான் வாயெடுக்க,
சந்தையில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத என்ரை மனுசன்
"து எண்டா துன்பம், கோ எண்டா கோபம்.
உள்ளுக்கை போட்டு மூடுங்கோ.
நானூற்றைம்பது" என்றார்.
அவர் சிரிக்கவில்லை.
யோசித்தார்.
மனுசிக்கும் சேர்த்து இரண்டு வாங்கினார்.

"பொய்தானே" என்றேன் திரும்பும் பஸ்ஸில்.
"எழுத்து உள்ளதுதானே" என்றார்.
இரண்டு நாளைக்குப் பிறகு
எங்களுக்குள் முதற்கதை அது.

மிச்சக் காசு இன்னும் வரவில்லை.
நான் கேட்கவுமில்லை,
கேள் கேள் என்பதை அவர் விடவுமில்லை.

மாரி தொடங்கிய கிழமை
தெரியாத நம்பரிலிருந்து ஒரு குரல்.
"அன்ரி, நான் துளசிகா.
பெட்டி ஏதும் மிஞ்சிக் கிடக்கா?"
பதினொன்று கிடந்தது.
"எனக்கு ஒண்டு காணும்."
எதற்கென்று கேட்கவில்லை.
'கோ'வை எடுத்துவிடவா என்று மட்டும் கேட்டேன்.
அந்தப் பக்கம் ரயிலோ காற்றோ, ஓர் இரைச்சல்.
"வேண்டாம் அன்ரி, கிடக்கட்டும்.
எடுத்தா ஓட்டை விழும்தானே."

பெரிய தபால் கந்தோர்.
தராசின் முள் அசைவதா விடுவதா என்று நின்றது.
உள்ளே என்னவென்று
படிவத்தில் எழுதவேண்டுமாம்.
குணபாலன் பேனையால் காதைச் சொறிந்து
'ஒன்றுமில்லை' என்று எழுதினார்.
நான் வாங்கி அதை வெட்டினேன்.
பெட்டி, என்று எழுதினேன்.
'பெ'வின் சுழி
பேனைக்கு எவ்வளவு லேசாய் வருகிறது.